மார்கழியில் உறையும் எண்ணெயும் உறையாத எண்ணெயும்

சென்னைக் குளிர் பெரிய குளிர் இல்லை. ஆனாலும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் எழுந்து தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெயை எடுத்தால், பாட்டிலுக்குள் அது வெள்ளையாக உறைந்து கிடக்கும். கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டும். அதே அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும் நல்லெண்ணெய்க்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. எப்போதும் போல ஊற்றலாம்.

"எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு பாட்டில்களைப் பற்றித்தான். ஒன்று உறைகிறது, இன்னொன்று உறையவில்லை. அது ஏன் என்று பிடிபட்டுவிட்டால், மளிகைக் கடை அலமாரியின் முன்னால் நின்று குழம்பும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் அது கொழுப்புதான். அந்தக் கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத நீளமான சங்கிலிகளால் ஆனது. கிளிசரால் என்ற சின்னத் தண்டில் மூன்று மூன்றாக அந்தச் சங்கிலிகள் தொங்கும். அவற்றுக்குக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். இதைப் புரிந்துகொள்ளத் தென்னந்துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேரான ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் இடைவெளி இல்லாமல் கெட்டியாக அடங்கும். நடுவில் வளைந்த குச்சிகளைக் கட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் கட்டு தளர்வாகவே இருக்கும்.

கொழுப்புச் சங்கிலிகளும் அப்படித்தான். வளைவே இல்லாத நேர்ச்சங்கிலி, நிறைவுற்ற கொழுப்பு. ஒரே ஒரு வளைவு இருந்தால் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. இரண்டு, மூன்று வளைவுகள் இருந்தால் பல நிறைவுறாக் கொழுப்பு. எண்ணெய்ப் பாக்கெட்டின் பின்பக்கம் சாச்சுரேட்டட், மூஃபா, பூஃபா என்று போட்டிருப்பது இந்த மூன்றையும்தான். எந்த எண்ணெயிலும் மூன்றும் கலந்தே இருக்கும். அளவுதான் வேறுபடும்.

தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேர்ச்சங்கிலி. அதனால் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு கெட்டியாகிவிடுகிறது. நல்லெண்ணெயில் அது 15 பங்கு மட்டுமே. மற்றவை வளைந்தவை. மார்கழிக் குளிரில் அவற்றால் அடுக்கிக்கொள்ள முடியாது.

உறைவதால் என்ன கெடுதல், உடம்பின் சூட்டில் இளகிவிடாதா என்று கேட்கலாம். இளகும். தேங்காய் எண்ணெய் ரத்தக் குழாய்க்குள் போய் மெழுகு போல உறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் பிடித்து அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கும். நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உள்ளே போனால் கல்லீரலின் அந்த வேலை மந்தமாகிறது. பிடிபடாத துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி, வருடக்கணக்கில் குழாய்ச் சுவர்களில் படிகின்றன. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தால் எல்.டி.எல். குறைகிறது. எண்ணெய்த் தேர்வில் மருத்துவம் சொல்லும் அடிப்படை விஷயம் இதுதான்.

ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது ஏறக்குறைய 22 கிராம். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே 12 கிராம் போய்விடும். பால், தயிர், நெய், சட்னித் தேங்காய் எல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். செடி, மரங்களிலிருந்து எடுக்கும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. பாமாயிலிலும் கிடையாது, தேங்காய் எண்ணெயிலும் கிடையாது. நம் கல்லீரல் அதைத் தானே தயாரிக்கிறது. நாம் பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் இருக்கும் சாச்சுரேட்டட் அளவை.

நம் வீட்டு எண்ணெய்கள்

நல்லெண்ணெயிலிருந்து தொடங்குவதுதான் முறை. எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். எள் நெய்க்கு வைத்த பெயர் நாளடைவில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட, எள் எண்ணெயைத் தனியே குறிக்க 'நல்ல' என்ற அடைமொழி தேவைப்பட்டது. அந்த அடைமொழிக்கு அது பொருத்தமானதுதான். அதில் நிறைவுற்றது 15 சதவீதம், ஒற்றை நிறைவுறாதது 40 சதவீதம், பல நிறைவுறாதது அதைவிடக் கொஞ்சம் அதிகம். வளைவுகள் அதிகமுள்ள கொழுப்பு பொதுவாகக் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். நல்லெண்ணெய் மட்டும் மாவடுவின் மேலும் ஆவக்காயின் மேலும் மாதக்கணக்கில் மிதந்துகொண்டு கெடாமல் இருக்கிறது. எள்ளில் இருக்கும் செசாமின், செசாமோல் போன்ற பொருள்கள் அதைக் காப்பாற்றுகின்றன. இட்லி மிளகாய்ப் பொடிக்கும், வத்தக்குழம்புக்கும், ஊறுகாய்க்கும் நம் பாட்டிமார் இதைத்தான் எடுத்தார்கள். வேதியியல் படிக்காமலே சரியாக எடுத்திருக்கிறார்கள்.

கடலை எண்ணெயில் நிறைவுற்றது 17 முதல் 20 சதவீதம். ஏறத்தாழ பாதி ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. சூட்டை ஓரளவு தாங்கும், உடம்புக்கும் இதமானது. பொரியல், குழம்பு, தோசை என்று அன்றாடச் சமையலுக்கு ஒரே ஒரு எண்ணெயைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு. சென்னையிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத் தொலைவில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் வேர்க்கடலை விளைகிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்துகளுக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று பெயர் தொடங்கும் கடலை, எள் ரகங்கள் அங்கே உருவானவை. பக்கத்து ஊரில் விளைவதை வாங்குவதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது.

சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு, 11 சதவீதம்தான். ஆனால் அறுபது சதவீதத்துக்கும் மேல் பல நிறைவுறாக் கொழுப்பு. அதில் ஏறக்குறைய எல்லாமே ஒமேகா 6 என்ற வகை. உடம்புக்குத் தேவைப்படும் இன்னொரு வகையான ஒமேகா 3 அதில் இல்லையென்றே சொல்லலாம். வளைவுகள் அதிகம் என்பதால் நீண்ட நேரம் கொதித்தால் மற்ற எண்ணெய்களைவிட வேகமாகச் சிதையும். இதை ஒரேயடியாகக் கெட்ட எண்ணெய் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாளிப்புக்கும் பொரியலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வருடம் முழுக்க, எல்லாச் சமையலுக்கும் இது ஒன்றுதான் என்றால் சரியில்லை. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் இதன் விலை எகிறியதே, நினைவிருக்கிறதா? நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருவது என்று பல வீடுகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தவிட்டு எண்ணெய், கடைகளில் ரைஸ் பிரான் ஆயில் என்று விற்பது, அரிசித் தவிட்டிலிருந்து வருகிறது. மூன்று வகைக் கொழுப்பும் ஓரளவு சமமாகக் கலந்திருக்கும். நிறைவுற்றது 20 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். இதில் இருக்கும் ஒரைசனால் என்ற பொருள் கொலஸ்ட்ராலை ஓரளவு குறைக்க உதவுகிறது. சூட்டையும் நன்றாகத் தாங்கும். எண்ணெயில் பொரிக்கும் பலகாரங்களுக்கு நல்ல தேர்வு. செக்கில் ஆட்டிய தவிட்டு எண்ணெய் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தவிட்டிலேயே கொழுப்பைச் சிதைக்கும் நொதி இருப்பதால், சுத்திகரிக்காமல் அது சமையலுக்கு உதவாது.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. "கேரளாவில் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்களே?" என்பார்கள். அதிலிருக்கும் லாரிக் அமிலம் என்ற குட்டையான கொழுப்புச் சங்கிலி உடனே எரிந்து சக்தியாகிவிடும் என்றும் சொல்வார்கள். லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி மற்ற நீளச் சங்கிலிகளைப் போலத்தான் செரிக்கிறது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலை (எச்.டி.எல்.) ஏற்றுகிறது என்பது உண்மை, ஆனால் எல்.டி.எல்.லையும் சேர்த்தே ஏற்றுகிறது. அமெரிக்க இதய சங்கம் 2017இல் வெளியிட்ட அறிவுரையில் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றே சொன்னது. என் கருத்து இதுதான்: அவியலுக்கும் மோர்க்குழம்புக்கும் கடைசியில் ஒரு தேக்கரண்டி ஊற்றுங்கள். அந்த மணத்துக்கு மாற்று இல்லை. தினசரிச் சமையலின் முழு எண்ணெயாக அதை வைக்காதீர்கள். நெய்யும் இதே கணக்குதான். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பருப்பு சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய் விடுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது. பொங்கல் மிதக்கும் அளவுக்கு ஊற்றுவது வேறு.

பாமாயிலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பல வீடுகளில் மாத பட்ஜெட்டையே தாங்கிப் பிடிக்கிறது. அதை வாங்குபவர்களைப் பார்த்து முகம் சுளிப்பது அநியாயம். அதில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயைவிட இரண்டு மடங்கு, தேங்காய் எண்ணெயில் பாதி. ரேஷனில் பாமாயில் வாங்குபவர்கள் அதோடு ஒரு லிட்டர் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ சேர்த்து வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே நிலைமை மேம்படும். வசதி இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஸ்கட், சிப்ஸ், மிக்சர், பேக்கரிப் பண்டங்கள் பலவற்றின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பாமாயில் என்று இருக்கும். வெளியே அதை இவ்வளவு சாப்பிட்டுவிட்டு வீட்டு எண்ணெயை மட்டும் ஆராய்வதில் பயன் குறைவு.

ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், ஆனால் விலை அதிகம். சாம்பாருக்கும் அதற்கும் பொருத்தமும் இல்லை. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும் ஊரில் அதற்காக ஏங்க வேண்டியதில்லை. ஒமேகா 3 வேண்டுமென்றால் கடுகு எண்ணெயில் ஓரளவு இருக்கிறது, ஆனால் அந்தக் காரம் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் காசிமேட்டிலிருந்து வரும் மத்தியும் காணாங்கெளுத்தியும் போதும். சைவக்காரர்கள் ஆளி விதையை வறுத்துப் பொடியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வனஸ்பதி மட்டும் வீட்டுக்குள் வேண்டாம். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்ற வகை உண்டாகும். வளைந்த குச்சியை நிமிர்த்தி வைத்தது போன்ற சங்கிலி அது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லை ஏற்றி, நல்லதைக் குறைக்கும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது இரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜனவரி முதல் நாட்டில் அமலில் இருக்கிறது. முன்பைவிட நிலைமை நன்றாக இருக்கிறது என்றாலும் அதை வாங்க நமக்கு ஒரு தேவையும் இல்லை.

எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி

எந்த எண்ணெய் என்று மணிக்கணக்கில் பேசுவோம். எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் பதில் வராது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பெரம்பூரில் நாங்கள் நான்கு பேர். அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு மாதம் மட்டும், புது எண்ணெய் பிரிக்கும் ஒவ்வொரு நாளும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஐந்தரை லிட்டர். அம்மாவால் நம்ப முடியவில்லை. "நான் கொஞ்சமாத்தானே ஊத்துறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது எல்லாருக்கும் கொஞ்சமாகத்தான் தெரியும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 27 கிராம் என்று கணக்குத் தந்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி எண்ணெய், நாலரை கிராம். ஆக ஆளுக்கு ஆறு தேக்கரண்டி. நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 24 தேக்கரண்டி, 120 மில்லி. மாதத்துக்கு மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அதுவும் வெளியே ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால்.

எல்லா எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கு எண்ணெயானாலும், ஆலிவ் எண்ணெயானாலும், ரேஷன் பாமாயிலானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. 'லைட்' என்று பெயர் வைத்த எண்ணெயும் அப்படித்தான்.

எப்படிக் குறைப்பது? பாட்டிலைச் சாய்ப்பதை விட்டுவிட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினோம். காலையில் 120 மில்லி எண்ணெயை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி வைத்து, அன்றைய சமையல் அதற்குள் என்று வைத்துக்கொண்டோம். தோசைக்கு, பாதி வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கும் பழைய வழக்கம் திரும்ப வந்தது. உருளைக்கிழங்கையும் கத்திரிக்காயையும் முதலில் ஆவியில் அரைவேக்காடு வேகவைத்துவிட்டு வதக்கினால் பாதி எண்ணெய் போதும். மூன்றாம் மாதத்தில் நாலு லிட்டருக்கு இறங்கினோம். சமையலின் ருசி குறைந்ததாக வீட்டில் யாரும் சொல்லவில்லை.

செக்கா, ரீஃபைண்டா?

வித்தை அழுத்திப் பிழிந்து, தெளியவைத்து, அப்படியே தருவது செக்கு எண்ணெய். வாகை மரத்தில் செய்த செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு அதிகம் ஏறாது. எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். பிறகு வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கவிடுவார்கள். ஃபில்டர்டு என்று பாட்டிலில் போட்டிருக்கும் கடலை எண்ணெய், இரும்பு எந்திரத்தில் பிழிந்து வடிகட்டியது. இது கொஞ்சம் சூடேறியிருக்கும், ஆனால் ரசாயனச் சுத்திகரிப்பு ஆகாதது.

ரீஃபைண்ட் எண்ணெயின் பாதை நீளம். பல ஆலைகளில் பிண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை ஹெக்சேன் என்ற கரைப்பானால் கரைத்தெடுத்து, பின்னர் ஹெக்சேனை ஆவியாக்கி நீக்குவார்கள். பிசினை அகற்றி, காரம் (ஆல்கலி) சேர்த்து அமிலத்தைப் போக்கி, ஒருவகைக் களிமண்ணால் நிறத்தை எடுத்து, கடைசியில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாசனையைப் போக்குவார்கள். இந்த வழியில் வைட்டமின் ஈ போன்றவற்றில் ஒரு பகுதி போய்விடுகிறது. மணமும் போய்விடுகிறது. ஆனால் கொழுப்பின் வகைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கடலை எண்ணெய் ரீஃபைண்ட் ஆனதால் பாமாயிலாக மாறிவிடாது.

போகிறவற்றில் கெட்டவையும் உண்டு. இதைச் செக்குக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த வேர்க்கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரலுக்கு மிகக் கெடுதலானது அது. சுத்திகரிப்பில் அது நீங்கிவிடும். செக்கில் நீங்காது. அதனால் செக்கு எண்ணெயின் தரம் செக்கைவிடக் கடலையைப் பொறுத்தது. நாமே நல்ல கடலையாக வாங்கி, சொத்தையும் சுருங்கியதும் பொறுக்கிவிட்டு, செக்கில் கொடுத்து ஆட்டி வாங்குவதுதான் சிறந்த வழி. அதற்கு நேரமில்லாதவர்கள், கடலை மூட்டையைப் பிரித்துக் காட்டத் தயங்காத செக்கில் வாங்கலாம்.

விலையை வைத்து ஒரு சோதனை உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ உரித்த வேர்க்கடலை வேண்டும். பிண்ணாக்கை விற்பதில் செக்குக்காரருக்குக் கொஞ்சம் திரும்ப வரும், கூலியில் கொஞ்சம் செலவாகும். ஆகவே லிட்டர் விலை, இரண்டரை கிலோ கடலையின் விலையை ஒட்டியே இருக்க வேண்டும். அதில் பாதி விலைக்குத் 'தூய செக்கு எண்ணெய்' கிடைத்தால், வேறு எண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தேங்காய் எண்ணெய்க்கு இன்னும் எளிய சோதனை நம் மார்கழி சொல்லித் தந்ததுதான். கொஞ்சத்தைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முழுதும் உறைந்தால் சரி. உறைந்ததற்கு மேல் உறையாத எண்ணெய் தனி அடுக்காக நின்றால் அது கலப்படம்.

எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்குத் தடை இருக்கிறது. சீல் வைத்த பாட்டிலோ பாக்கெட்டோ, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு இருப்பதையே வாங்குங்கள். எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். பார்க்க அதே அளவில் இருக்கும் பாக்கெட்டில் அதைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. நல்லெண்ணெய் பாட்டில்களின் வரிசையிலேயே விளக்கேற்றும் தீப எண்ணெயும் அடுக்கியிருக்கும். நிறமும் பாட்டிலும் ஒன்று போலவே இருக்கும், விலை மட்டும் குறைவு. அது சமையலுக்கானது இல்லை. கண் சரியாகத் தெரியாத பெரியவர்களைக் கடைக்கு அனுப்பும் வீடுகளில் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

சூடும், மறுபடி சூடும்

ஒவ்வொரு எண்ணெய்க்கும் புகையத் தொடங்கும் ஒரு சூடு உண்டு. ரீஃபைண்ட் எண்ணெய்கள் பொதுவாக 220, 230 டிகிரி வரை தாங்கும். செக்கு எண்ணெய்கள் 160 முதல் 180 டிகிரியிலேயே புகையத் தொடங்கலாம். பூரி, வடை பொரிக்க 170 முதல் 190 டிகிரி வேண்டும். தாளிக்க, வதக்க, குழம்பு வைக்கச் செக்கு எண்ணெய். நிறையப் பொரிக்கும் நாளில் ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ. இப்படிப் பிரித்துக்கொள்வது எளிது. எண்ணெய் காயாமலும் போடாதீர்கள், பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். புகை வந்துவிட்டால் அடுப்பைத் தணியுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பழக்கம். ஒவ்வொரு முறை சூடாகும்போதும் சங்கிலிகள் உடைந்து, காற்றோடும் நீரோடும் சேர்ந்து வேறு பொருள்களாக மாறுகின்றன. போலார் சேர்மங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. கண்ணும் மூக்கும் போதும். நிறம் கறுத்து, பிசுபிசுப்பாகி, மேலே நுரை கட்டி, அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

எண்ணெயை வீணாக்க யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். அதனால் பொரிப்பதற்கே சின்ன வாணலியை எடுக்கிறேன். அகலமான கடாயில் ஒரு லிட்டர் ஊற்றுவதற்குப் பதில், குழிந்த சின்ன வாணலியில் 200 மில்லி ஊற்றினால் அப்பளமும் வத்தலும் நாலைந்து வடையும் நன்றாகவே பொரியும். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மிஞ்சுவதை ஆறியதும் வடிகட்டி, இரண்டு நாளுக்குள் குழம்புக்கோ தாளிப்புக்கோ தீர்த்துவிட வேண்டும். மறுபடி பொரிக்க வேண்டாம். பழைய எண்ணெய்மேல் புது எண்ணெயை ஊற்றி நிரப்பவே வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு மிஞ்சிய கறுத்த எண்ணெயைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடுங்கள். செய்தித்தாளின் வேலை அங்கேதான். பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுக்க அதைப் பயன்படுத்தினால் அச்சு மை பஜ்ஜியில் ஒட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்துக்கு இரண்டு லிட்டர் செக்குக் கடலை எண்ணெய், ஒரு லிட்டர் நல்லெண்ணெய், பொரிப்பதற்கு ஒரு லிட்டருக்குள் தவிட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் தலைக்குப் போக, சமையலுக்கு ஒரு சின்னக் கிண்ணம். எல்லா வீட்டுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இதயநோயோ சர்க்கரையோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்வது நல்லது.

வாங்கியதை வைக்கும் இடமும் முக்கியம். கத்திரி வெயிலில் சென்னைச் சமையலறை எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே, ஜன்னல் வெயில் படும் மேடையில் எண்ணெயை வைத்தால் ஒரு மாதத்திலேயே காறல் வாடை வந்துவிடும். வெளிச்சம் படாத கீழ் அலமாரியில் பெரிய பாட்டிலை வையுங்கள். அன்றாடத்துக்குச் சின்ன எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். செக்கு எண்ணெயை மூன்று மாதத்துக்கு மேல் தேக்க வேண்டாம். தூக்கு காலியானதும் அடியில் தங்கிய பழைய எண்ணெயின் மேலேயே புதிதை ஊற்றிவிடாமல், சீயக்காயோ சோப்போ போட்டுக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் ஈரம் போகக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.